ஆபீசுத் தெருவில் களி

எனக்கு எண்பத்து மூணு வயசு, ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். இன்று மருமகள் கேழ்வரகுக் களி கிண்டிய வாசனை என்னைச் சித்தூர் ஆபீசுத் தெருவில் கொண்டுபோய் விட்டது. ஆந்திரா பிரிந்து தமிழ்க் குமாஸ்தாக்கள் மெட்ராஸ் பக்கம் மாற்றலாகிப் போனதும், தட்டச்சு சத்தம் அடங்கி, கடைகள் ஒவ்வொன்றாய் மூடிக்கினு வர, எங்கள் தோசைக்கடையில் அம்மா சுட்ட தோசைகள் ஆறிக் கிடந்தன.

“நாமளும் கிளம்பலாம்” என்றார் நைனா, என் அப்பா.

அம்மா தோசைக்கல்லை இறக்கிவிட்டு, புத்தலப்பட்டிலிருந்து மனு கொடுக்க வருகிற குடியானவர்களுக்குக் களி கிண்டினாள்.

“ஆபீசுத் தெருவுல களியா?” என்று சிரித்தார் வெற்றிலைக் கடைக்காரர்.

“தோசை துன்றவங்க போனாங்க. பசியுமா போயிடுச்சு, அண்ணே?”

கடலைச் சட்னியும் களியும் துன்ன வந்தவங்க மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன, மாடுகளுக்கு லாடம் அடிக்க லாடக்காரர் வந்தார், சிரித்தவரும் கடையை மூடவில்லை. அந்தத் தெரு தானாகப் பிழைக்கவில்லை, என் அம்மா பிழைக்க வைத்தாள். இதையெல்லாம் நானே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன், என் பேத்தியே, நம்ம தெருவுக்கே கேட்கிற மாதிரி படி.