சுத்தம் செய்தது, எண்ணெய் விட்டது

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டியன்று அந்த ரைஃபிள் இறுகியது என் கையில்தான். ஆனால் அதை இறுக வைத்தது நான் மட்டுமல்ல.

நான் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். இங்கே ஒரு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கி அடுக்கி அனுப்பும் பகுதியில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் ஒருத்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன்னுடைய துப்பாக்கிச் சுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்தபோது, கிழமை முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கழுவும் இயந்திரங்களின் இரைச்சல் நின்றுபோனது. அடுத்த மாதமே சேர்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே பிள்ளை நாங்கள் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ சனிக்கு சனி அதைத் தேடிப் போறாய்."

"கடதாசியைத்தான் அம்மா சுடுறன்" என்றேன்.

இந்த நாட்டில் நினைத்தவுடன் சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்க ஏலாது. ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தவள் என்று கழகத் தலைவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் மழை, பனி என்று பாராமல் போய்வந்தேன்.

அதுவரை எல்லோருக்கும் பொதுவாகக் கழகத்தின் செமி ஆட்டோமெட்டிக் ரைஃபிள் ஒன்று இருந்தது. சிறிய தோட்டா. ஒவ்வொரு முறை சுட்டதும் வெற்றுக் கோதைத் தானே வெளியே தள்ளி அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அப்படி வேலை செய்வதால் வெடிமருந்துப் புகையும் தோட்டாவில் பூசிய மெழுகும் உள்ளேயே படியும். அது இருந்த இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். திகதி, பெயர், 'சுத்தம் செய்தது', 'எண்ணெய் விட்டது', கையெழுத்து. சுட்ட ஒவ்வொரு நாளும் நிரப்ப வேண்டும் என்பது கழகத்தின் விதி.

ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தச்சர். முதல் நாள் எனக்குச் செய்து காட்டினார். தோட்டாவை ஏற்றி இறக்க உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டைப் பின்னால் இழுத்தார், திறந்த வாய்க்குள் எண்ணெய் ஸ்பிரேயைப் 'புஸ்' என்று அடித்தார், வெளிப்புறத்தைப் பளபளவென்று துடைத்தார். "எண்ணெய் விட்டிட்டுக் கையெழுத்தை வை. அவ்வளவுதான்." அவர் பேசியது ஜெர்மன்தான். என் காதில் எல்லாம் எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"உள்ளுக்குத் துடைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டிருக்கு. புத்தகத்தைப் பார்."

அது பிழை என்று எனக்கு அந்தக் கணமே தெரியும். மருத்துவமனையில் கத்தரிக்கோலின் மூட்டில் அழுக்கு இருக்க, அதன்மேல் எண்ணெயை விட்டுக் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டு. ஆனால் நான் புதியவள். அந்தக் கட்டிடத்திலேயே மண்ணிற முகம் என்னுடையது ஒன்றுதான். வருட முடிவில் எனக்கு ஒரு கையெழுத்துத் தேவை. வாயை மூடிக்கொண்டு நானும் 'புஸ்' என்று அடித்தேன், கையெழுத்து வைத்தேன். கழகத்தின் வேறு ரைஃபிள்களில் சுட்ட நாட்கள் போக, அந்த ரைஃபிளை எடுத்த பதினொரு முறையும் அப்படித்தான் செய்தேன்.

வருடம் முடியும் நேரத்தில் வந்த கழகங்களுக்கிடையிலான போட்டியில் நாலாவது தோட்டாவிலேயே வெற்றுக் கோது வெளியே வராமல் பாதியில் சிக்கிக்கொண்டது. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு கையை உயர்த்தினேன். மேற்பார்வையாளர் வந்து எடுத்துவிட்டார். இரண்டு தோட்டாவுக்குப் பிறகு மீண்டும் சிக்கியது. மூன்றாம் முறை சிக்கியதை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எங்கள் அணிதான் கடைசி.

கழகத்துக்குத் திரும்பியதும் தச்சர் புத்தகத்தை விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தார். "கடைசியாச் சுத்தம் செய்தது நீ."

மேசையின் மறுபக்கம் இருந்த ஒருவர் சிரித்தார். "உங்கட நாட்டில துவக்கை இப்பிடித்தான் வைச்சிருக்கிறவையோ?"

இதே மனிதர்தான் நான் சேர்ந்த அன்று, "உங்கட ஆக்களுக்கு இது இரத்தத்திலயே இருக்கு, சொல்லித் தரத் தேவையில்லை" என்று என் தோளில் தட்டியவர். நன்றாகச் சுட்டால் இரத்தம், சிக்கினால் நாடு! எது ஐயா என் நாடு? அவருடைய மகள் நீந்தப் பழகிய அதே குளத்தில்தான் நானும் பழகினேன். என் வாழ்க்கையில் முதன்முதலாகத் துவக்கைத் தொட்டதே இவர்களுடைய கழகத்தில்தான். என் அம்மாவுக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது மட்டும்தான். இதில் ஒரு சொல்லைக்கூட நான் அங்கே சொல்லவில்லை.

தலைவர் என் படிவத்தை அரை வருடம் தள்ளிவைத்தார். "முதல்ல ஒழுங்கைப் பழகு" என்றார்.

ஒழுங்காம்! வீடு வரும்வரை பஸ்ஸில் அந்தச் சொல்லைப் பல்லுக்குள் வைத்து அரைத்தேன். அன்றைக்கே அந்த ரைஃபிளின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்து வாசித்தேன். சுட்ட நாளில் போல்ட்டின் முகத்தையும் தோட்டா ஏறும் இடத்தையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை போல்ட்டை வெளியே எடுத்து முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும். குழலை அத்தனை அடிக்கடி கிண்டத் தேவையில்லை. எண்ணெய் என்பது உரசும் இடங்களுக்கு ஒரு சொட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கூடினால் புகைக்கரியைப் பிடித்துக் களியாக்கிவிடும். எத்தனை தரம் எண்ணெய் விட்டோம் என்று எழுதி எழுதியே பக்கங்களை நிரப்பியவர்களில் ஒருவராவது ரைஃபிளைத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கழகத்தின் மாதக் கூட்டம். தச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தேன். தோசைக்கல்லின் விளிம்பில் வருடக்கணக்காகப் படிவதைப்போல் கறுப்பாகக் கட்டியிருந்தது. மரக்குச்சியால் சுரண்டச் சுரண்ட வந்தது. பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தேன்.

"இது பதினொரு நாள் ஊத்தை இல்லை" என்றேன். "என்ர பதினொரு கையெழுத்தும் பொய். சுத்தம் செய்யாமல்தான் வைச்சனான். மற்றக் கையெழுத்துகளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கோ."

எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருந்தது. தலைவருடையது பக்கத்துக்கு ஒன்று. சிரித்த மனிதர் தன் பியர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கோப்பிலிருந்து என் படிவத்தை இழுத்தார், விறுக்கென்று கையெழுத்து வைத்தார், என் பக்கம் தள்ளினார்.

பார்த்தேன். பயிற்சிக்கு வந்த நாட்களை வருகைப் பதிவிலிருந்து அவர்தான் எண்ணி எழுத வேண்டும். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அதற்குக் கீழே, சுத்தம் செய்ததைக் குறிக்கும் புத்தகத்தில் இருக்கும் அதே சுழி, அதே இழுப்பு. ஒரு வருடம் காத்திருந்தது கைக்குள் வந்துவிட்டது. பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கலாம், மனமும் அதைத்தான் சொன்னது. ஆனால் முன்னைவிட இரண்டு மடங்கு ஆத்திரம் வந்தது. என் வாயை அடைக்க வைத்த கையெழுத்து எனக்கு எதற்கு? படிவத்தைத் திருப்பித் தள்ளினேன்.

"எண்ணிப் பாத்திட்டு வையுங்கோ."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகைப் பதிவைத் திறந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் பக்கமாக எண்ணினார். மேசையில் பியர் நுரை அடங்கிப்போனது. சட்டம் கேட்கும் நாட்களைவிட நான் கூடுதலாகவே வந்திருந்தேன். எண்ணிக்கையை எழுதினார், பழைய கையெழுத்தைக் கோடு போட்டு வெட்டினார், கீழே புதிதாக வைத்தார்.

"காணுமோ? இது போதும்தானே?"

"ஓம், இப்ப காணும்."

அடுத்த சனிக்கிழமை சுடப்போன பிறகு வழக்கம்போலப் புத்தகத்தைத் திறந்தேன். எனக்கு முன்னால் அந்த ரைஃபிளை எடுத்தவர் தலைவர். 'சுத்தம் செய்தது' என்பதற்குக் கீழே 'இல்லை' என்று எழுதியிருந்தார். 'எண்ணெய் விட்டது' என்பதற்கும் 'இல்லை'. பக்கத்தில் கையெழுத்து. நான் ரைஃபிளைக் கழற்றினேன். அவருடைய கரியையும் என்னுடையதையும் துடைத்து முடிக்க முக்கால் மணிநேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.