அணைக்குள் மூடிய புற்று

மலாயாவில் கிள்ளானுக்கு அப்பால், எங்கள் ரப்பர் தோட்டத்து ஓடையை மறித்து மண் அணை கட்டிய வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஊராரிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய், ஓடைக்கரைப் பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றி மஞ்சள் பூசிக் கும்பிட்ட பிறகு உண்டான பிள்ளை. அந்தப் புற்று எனக்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அணை வரட்டும் என்று எனக்கும் ஆசைதான். தேங்கும் தண்ணீரில் ஒரு பங்கு எந்திரத்தைச் சுழற்றி ஆலைக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் கரண்டு தரும். மீதி, ரப்பர் விலை விழுந்த பிறகு லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே நாங்கள் போட்டிருந்த நெல்லுக்கும் கீரைக்கும் பாயும். ஆனால் சரியாகக் கரை வரும் இடத்தில் புற்று நின்றது. அடியோடு வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். ஒருவரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை.

"வெட்ட வேணாம் அண்ணே, மேலயே மண்ணப் போட்டு மூடிருவோம். சாமி உள்ளயே இருந்துட்டுப் போகட்டும்" என்று கங்காணியிடம் சொன்னவள் நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. அப்படியே மூடினோம்.

அணை நிரம்பி, நெல் கதிர் விட்டபோது எனக்கு எட்டாம் மாதம். மதகைப் பார்த்துக்கொண்டிருந்த என் புருஷன் ஒரு காலையில் ஓடி வந்தார். புற்று இருந்த இடத்துக்கு நேரே கரையின் வெளிப்புறம் தண்ணீர் கசிகிறதாம், அதுவும் கலங்கலாக. கலங்கினால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கரை போனால் வயலும் லயமும் சேர்ந்து போகும்.

மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினார்கள். தோண்டத்தான் ஆள் இல்லை. "நா தொட மாட்டேம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார் கங்காணி. அவரைத் திட்ட எனக்கு ஏது யோக்கியதை?

மண்வெட்டியை எடுத்தேன். புருஷன் கையைப் பிடித்தார்.

"வயித்துப் புள்ளய நெனச்சுப் பாருடி."

"அத நெனச்சுத்தான். விடுங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பயம் விடவில்லை. புற்றை இடித்தால் பிள்ளை செதில் தோலோடு பிறக்கும் என்று லயத்தில் சொல்வார்கள். அழுதுகொண்டேதான் வெட்டினேன். நாலைந்து வெட்டுக்குப் பிறகு மண் உள்ளே சரிந்தது. பாம்பு இல்லை. கை நுழையும் பொந்துகளும் கரையானும்தான். அதைப் பார்த்த பிறகு கங்காணி என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். பொந்துகளை ஆழம்வரை தோண்டி எடுத்து, களிமண்ணை நிரப்பி, பெண்கள் வரிசையாக நின்று மூன்று நாள் மிதித்து இறுக்கினார்கள். கசிவு நின்றது.

அறுவடை முடிந்த வாரம், ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். மருத்துவச்சி துடைத்து முடிக்கும் முன்பே கேட்டு வாங்கி, பல்பு வெளிச்சத்தில் காது மடல், விரலிடுக்கு, முதுகு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடுற?"

"செதில் ஏதாச்சும் இருக்கான்னு."

"மச்சங்கூட இல்ல. மொதல்ல பாலக் குடு, பசியில கத்துறா."