வே-பிரிட்ஜில் கண்ட்ரோல் க்யூ

அந்த மேனேஜரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு அது. மொத்தமே இரண்டு பேர்: அவர் தலைவர், நான் புரோகிராம் எழுதுகிறவள். செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, பாதி தூரம் நின்றுகொண்டே வந்து சேர்ந்தால், "இன்னிக்கும் ஒம்பது அஞ்சா?" என்பார். அதுதான் எனக்குக் கிடைக்கும் காலை வணக்கம்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கம்பி லாரிகளை அனுப்பும் புரோகிராம். அது இரண்டு இடத்தில் ஓட வேண்டும். ஆபீஸில் எல்லாம் விண்டோஸ். கேட்டுக்குப் பக்கத்தில் லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை போடும் வே-பிரிட்ஜ் அறையில் மட்டும் லினக்ஸ்; அங்கே இருந்த விண்டோஸ் மெஷினை வைரஸ் இரண்டு முறை சாகடித்த பிறகு மாற்றியது.

ஒவ்வொரு மெஷினிலும் மெனு அந்த மெஷினின் வழக்கப்படிதான் இருக்க வேண்டும் என்பதில் அப்போது எனக்கு வெறியே இருந்தது. செட்டிங்ஸை விண்டோஸில் ஒரு மெனுவிலும் லினக்ஸில் வேறு மெனுவிலும் வைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லினக்ஸ்காரர்களுக்குச் சின்ன மெனுதான் பிடிக்கும் என்று நானே முடிவு செய்து, லாரி அனுப்புவதையும் எடைச் சீட்டு அடிப்பதையும்கூட அங்கே இடம் மாற்றி, வேறு பெயர் கொடுத்துவிட்டேன். கேட்காமலே செய்தேன். பெருமையாகவும் இருந்தது.

வே-பிரிட்ஜ் ஆபரேட்டர்களில் ஒருவர் பழவேற்காட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பதினைந்து நாள் வே-பிரிட்ஜ், பதினைந்து நாள் ஆபீஸ் என்று அவருக்கு மாறி மாறி டியூட்டி. புது புரோகிராம் வந்த இரண்டாவது வாரம் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னாமா நெனச்சிக்கினு கீற? இங்க ஒரு எடத்துல வெக்கிற, அங்க ஒரு எடத்துல வெக்கிற. வெளிய லாரிக்காரன் ஆரன் அட்ச்சிக்கினே கீறான், நான் உள்ள மெனுவத் தேடிக்கினு கீறேன். பேஜாரா கீது."

"அது லினக்ஸ், பாய். அதுல அப்படித்தான் இருக்கும்."

"லினக்ஸா லாரிக்கு எடை போடுது? நான்தானே போடுறேன்!"

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. "ட்ரெய்னிங் குடுத்தப்ப கவனிச்சிருக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் காத்திருந்தது போல எழுந்து வந்தார்.

"ஒரே கம்பெனி, ஒரே மெனு. விண்டோஸ்ல எப்படியோ அதேதான் அங்கயும். ஒரு எழுத்து மாறக்கூடாது."

ஒரு தாளில் ஒவ்வொரு மெனுவுக்கும் நேராக, மவுஸ் இல்லாமல் அழுத்தும் குறுக்கு விசையை அவரே எழுதிக் கொடுத்தார். அதில் கண்ட்ரோல் க்யூ என்பது 'குவாலிட்டி ஹோல்டு'. கம்பி தரச் சோதனையில் தேறாவிட்டால் அந்த லாரிக்கு ஹோல்டு போடுவார்கள். போட்டுவிட்டால் கேட்டில் விட மாட்டார்கள். ஆபீஸ் மெஷினில் கண்ட்ரோல் க்யூவை வேறு எதற்கும் யாரும் தொடுவதில்லை. லினக்ஸில் அப்படியில்லை. பாதிக்கு மேல் புரோகிராம்களை அதை அழுத்தித்தான் மூடுவார்கள்.

"சார், லினக்ஸ்ல அது புரோகிராமை மூடுற கீ. கை தானா அதுக்குத்தான் போகும்."

"கையை மாத்திக்கச் சொல்லு."

"நிஜமா ஹோல்டு போடணுமான்னு ஒரு தடவையாவது கேக்கட்டும் சார்."

"ஆபீஸ்ல கேக்குதா? அப்ப அங்கயும் கேக்க வேணாம்."

இதை நான் மெயிலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் செய்து கொடுத்தேன். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்ற வன்மத்தோடுதான் செய்தேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் பட்டது அவர் இல்லை, பாய்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். கடைசி லாரியை எடை போட்டதும் பாய் வழக்கம்போலக் கண்ட்ரோல் க்யூவை அழுத்துவார். திரை மூடாது. மெஷின் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து மவுஸால் மூடிவிட்டு எழுந்துவிடுவார். மூலையில் ஒரு சின்ன எழுத்து மாறியிருப்பதை யார் பார்ப்பது? மற்ற ஷிஃப்ட்காரர்கள் முதலிலிருந்தே மவுஸால் மூடுகிறவர்கள். அந்தக் கடைசி லாரி கேட்டில் நிற்கும். நான்கு நாள் இப்படியே நடந்தது. டிரைவர்கள் கேட்டில் செக்யூரிட்டியின் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. ஐந்தாம் நாள் மேனேஜர் பாய்க்கு ஒரு மெமோ கொடுக்க வைத்தார்: யூனியன் ஆள், வேண்டுமென்றே சரக்கை முடக்குகிறார்.

பாய் அந்தத் தாளை என் கீபோர்டின் மேலேயே போட்டார்.

"பதினோரு வருசத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல நானு. இன்னா பண்ணி வெச்ச அதுல?"

"தெரியல பாய். பாக்குறேன்."

தெரியும். படித்த உடனே தெரிந்துவிட்டது.

மறுநாள் விசாரணை. பிளான்ட் ஹெட், மேனேஜர், பாய், நான். மேனேஜர் இங்கிலீஷில் நீளமாகப் பேசி முடித்ததும், "எல்லாரும் ஒரு தடவை வே-பிரிட்ஜுக்கு வரணும்" என்றேன்.

அந்த மெஷினில் வரிசையாக நான்கு புரோகிராம்களைத் திறந்தேன்: பிரௌசர், கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, கடைசியில் எங்களுடையது. உண்மையான ஒரு லாரியின் பதிவு திரையில் இருந்தது. "ஒண்ணொண்ணா மூடுங்க பாய்" என்றேன். அவர் பிளான்ட் ஹெட்டின் முகத்தைப் பார்த்தபடியே, கீபோர்டைக் குனிந்துகூடப் பார்க்காமல், விரலால் தட்டினார். ஒன்று மூடியது. அடுத்தது மூடியது. அதற்கடுத்ததும் மூடியது. நான்காவது மூடவில்லை. மூலையில் ஹோல்டு என்று வந்தது. வெளியே தராசின் மேல் நின்றிருந்த அந்த லாரியை இனி கேட்டில் விட மாட்டார்கள்.

பிறகு மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன் சார். கையை மாத்திக்கச் சொல்லுன்னு சொன்னீங்க."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. பாயின் மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். தெரிந்தும் எச்சரிக்கவில்லை என்று எனக்கு ஒரு வார்னிங் கடிதம் வந்தது. கோபத்தில் நான் வாய்மூடியிருந்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் கடிதத்தில் பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்காக மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தாளு சொன்னான், சரி. உன் கைதானே எழுதிச்சி? நாலு நாளு தெரிஞ்சிக்கினு சும்மா இருந்துட்டே" என்றார். அடுத்த லாரிக்குச் சீட்டு அடிக்கத் திரும்பிவிட்டார்.

அந்த வாரமே, யாரையும் கேட்காமல், மெனுவை மூன்றாம் முறையாக அடுக்கினேன். லாரி, எடை, சீட்டு, ஹோல்டு என்று பாய் செய்யும் வேலைக்கான சொற்களெல்லாம் இரண்டு இடத்திலும் ஒரே பெயரில், ஒரே வரிசையில். மூடுவது, செட்டிங்ஸ் மாதிரியானவை மட்டும் அந்தந்த மெஷினின் வழக்கப்படி. ஹோல்டுக்குக் குறுக்கு விசையே கிடையாது. மவுஸால் போய், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால்தான் விழும். பிறகு ஆபரேட்டர்கள் யாரும் என் மேஜைக்கு வரவில்லை. மேனேஜர் அதை ஹெட் ஆபீஸில் தன் திட்டம் என்று காட்டிக் கைதட்டல் வாங்கினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், கை தட்டவில்லை. அதையும் கவனித்து வைத்திருந்தார் என்று அடுத்த வருஷம் அவர் எனக்கு எழுதிய வேலை மதிப்பீட்டில் தெரிந்தது.

ராஜினாமா கொடுத்தேன். அம்பத்தூரில் இன்டர்வியூ எடுத்தவர், பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன்.

"ஒரு மெனுவுக்காகவா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வேலை மட்டும் கிடைத்தது.