இருநூறு வீட்டுக்கு இருநூறு இலை

போன சனிக்கிழமை மதியம் பேகம்பூரில் ஒரு மாடி அறையில், இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் ஹபீப். இடது பக்கம் அவர் மனைவி யாஸ்மின். இருவருமே சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள். ஒரே வீடு, ஒரே தொழில், ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன்... எடிட்டர் மட்டும் வேறு வேறு.

எடிட்டர் என்றால் எங்கள் பத்திரிகை ஆபீஸில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் அல்ல. புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் மென்பொருள்.

ஹபீபுடையது கறுப்புத் திரை. மெனு கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு வேலையே இல்லை. யாஸ்மினுடையது கலர் திரை. பாதி வார்த்தை அடித்தால் மீதியை அதுவே எழுதும்; தப்பு வந்தால் சிவப்புக் கோடு போடும். பெயர்களைச் சொல்ல மாட்டேன் — இரண்டு கட்சிக்காரர்களும் எனக்கு மெயில் அனுப்புவார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு இந்த வாரப் பத்தியை ஜாலியாக முடித்துவிடலாம் என்றுதான் போனேன். தன் எடிட்டர் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும் என்றார் ஹபீப்.

"வந்துரும்ணே. அதுக்குள்ள போனா வெளிய வரத்தான் வழி தெரியாது" என்றார் யாஸ்மின். "கல்யாணமான புதுசுல எனக்குச் சொல்லித் தாரேன்னு திறந்து காட்டுனாரு. கடைசில லேப்டாப்பையே ஆஃப் பண்ணிட்டுத்தான் வெளிய வந்தேன்."

"இவ எடிட்டரு பாதிய எழுதிரும்ணே. மீதி பாதிய நான் உக்காந்து திருத்தணும்."

நான் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தேன். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

மறுநாள் என் தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதோடு மாமன் வேலை முடிந்துவிடாது. சீர் என்னுடையது, இந்த முறை கறி விருந்தும் என்னுடையது என்று நானே முன்வந்து சொல்லியிருந்தேன். பந்தியில் சாப்பாடு பற்றாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைக்குக் கல்யாணமாகிற நாளிலும் அதைச் சொல்லிக் காட்ட ஒருவர் இருப்பார்.

பிரியாணி மாஸ்டரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லியாகிவிட்டது. அந்த மாஸ்டர் வைத்திருப்பது ஹபீபும் யாஸ்மினும் எழுதிய ஆப். ஆர்டரைப் பதிந்தால் எவ்வளவு அரிசி, எவ்வளவு கறி என்று அதுவே கணக்குப் போட்டு, கறிக்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும்.

"உங்க விருந்து நம்ம ஆப்புலதாண்ணே வந்திருக்கு, காட்டுறேன் பாருங்க" என்று யாஸ்மின் ஆசையாக அந்த ஆர்டரைத் திறந்தார்.

திரையைக் கீழே தள்ளினார். மேலே கொண்டுவந்தார். மறுபடி கீழே.

"அண்ணே... நீங்க எம்புட்டு சொன்னீங்க?"

இருநூறு வீடு என்றேன்.

"இதுல இருநூறு இலைன்னு எடுத்திருக்கு."

எங்கள் ஊரில் விருந்துக்கு ஆள் கணக்குச் சொல்ல மாட்டோம், வீட்டுக் கணக்குதான். பத்திரிகை வைத்தது இருநூறு வீடு என்றால் இருநூறு குடும்பம். அதுவும் காதுகுத்துக் கறி விருந்து... வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவார்கள். ஆப் வெறும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த 'வீடு' என்ற வார்த்தையை விட்டுவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள். அந்தக் கணக்கில் கறிக்கடைக்குப் பட்டியலும் போய்விட்டது!

"இதத்தான் வியாழக்கிழமை சரி பண்ணுனேன்" என்றார் யாஸ்மின். போன மாதம் நத்தத்தில் ஒரு காதுகுத்தில் இதே தவறால் இரண்டாவது பந்தியிலேயே சட்டி காலி. அதற்குப் பிறகுதான் 'வீடு' என்று இருந்தால் குடும்பமாகக் கணக்கிட அவர் மாற்றி எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை எழுதியது இப்போது ஆப்பின் கணக்கு ஃபைலில் இல்லை.

எங்கே போனது?

ஹபீபின் முகத்தைப் பார்த்தேன். நான் நிருபராக இருந்த காலத்தில் அடிக்கடி பார்த்த வகை முகம். விடை தெரிந்தவரின் முகம்.

நடந்தது இதுதான். சர்வரில் இருவருக்கும் பொதுவாக இருக்கும் அதே ஃபைலை ஹபீப் தன் கறுப்புத் திரையில் புதன்கிழமையே திறந்து, மூடாமல் விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை அதில் ஒரு போன் நம்பரை மாற்றி சேமித்திருக்கிறார். புதன்கிழமை நிலவரம் வியாழக்கிழமை வேலையின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"உங்க எடிட்டர் ஒண்ணுமே கேக்கலையா?" என்றார் யாஸ்மின்.

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"நீ திறந்ததுக்கப்புறம் இந்த ஃபைல் மாறியிருக்கு, இருந்தாலும் எழுதவான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது எப்பவும் எதாச்சும் கேட்டுக்கிட்டேதான இருக்கும்... ஆமான்னு 'ஒய்' அமுக்கிட்டேன்."

யாஸ்மின் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். அவருடைய கலர் திரையும் யோக்கியமில்லை. ஃபைல் மாறியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் பழையதைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஒன்று கேட்டது, படிக்க ஆளில்லை. இன்னொன்று கேட்கவே இல்லை. இரண்டையும் ஒப்பிடத்தானே வந்தேன்?

ஹபீப் கறிக்கடைக்கு போன் செய்தார். ஸ்விட்ச் ஆஃப். மாஸ்டருக்கு அடித்தார். அவர் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணச் சமையலில் இருந்தார், அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் ஒலித்தது. செல்வி.

"அண்ணே, ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு வேன் கூட வருதாம். ஒண்ணும் பிரச்சினை இல்லைல?"

ஒன்றுமில்லை என்றேன்.

யாஸ்மின் தன் எடிட்டரின் ஓரத்தில் எதையோ திறந்தார். சேமிக்கும்போதெல்லாம் அது ஒரு நகல் ஒதுக்கி வைக்குமாம். வியாழக்கிழமை நகல் கிடைத்தது. ஹபீப் குனிந்து கீபோர்டு பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"நீங்க கை வைக்காதீங்க. உங்க போன் நம்பரையும் நானே சேத்துர்றேன். மொதல்ல உங்கதுல அந்த ஃபைல மூடிட்டு வாங்க."

அவர் போய் மூடினார். கணக்கு மாறியது. புதுப் பட்டியல் கறிக்கடைக்குக் கிளம்பியது.

ஒரே ஒரு டிக். சாம்பல் நிறம்.

மூன்று பேரும் அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேர்தல் முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. டீ ஆறியது. பந்தியில் பாதிப் பேர் இலை முன்னால் உட்கார்ந்து என்னையே பார்ப்பது போல ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. சாயங்கால மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த பிறகுதான் இரண்டாவது டிக் விழுந்தது. உடனே கறிக்கடைக்காரர் ஹபீபைக் கூப்பிட்டார்; அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, ரெண்டு லிஸ்ட் வந்திருக்கு. எதுப்பா நெசம்?"

"ரெண்டாவது, பாய்."

"இம்புட்டு ஆட்டுக்கு இனிமே நத்தம் பக்கம்தான் சொல்லிவிடணும். பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. பாக்குறேன். அந்த ஒரு வார்த்தையோடு நான் விடியும் வரை படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது. எல்லோரும் காதைப் பார்த்தார்கள். நான் சமையல் பந்தலைப் பார்த்தேன். கறி வந்திருந்தது, ஆனால் தாமதமாக. ஒரு சட்டி இறங்கியிருந்தது, மற்றவை அடுப்பில். முதல் பந்தி எழுந்ததும் செல்வியின் மாமனார் என் அருகில் வந்தார்.

"ஏனுங்க தம்பி, அடுத்த பந்தி போட்டரலாமுங்களா?"

பந்தல் பக்கம் திரும்பினேன். ஹபீபும் யாஸ்மினும் அங்கே அடுப்புப் புகையில் நின்றிருந்தார்கள். மாஸ்டர் அடுத்த சட்டியைத் திறந்து பார்த்து யாஸ்மினிடம் ஏதோ சொன்னார். யாஸ்மின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"போடலாம் மாமா" என்றேன்.

ஒட்டன்சத்திரத்து வேன் உட்பட எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசியாக நாங்கள் மூவரும் உட்கார்ந்தபோது சட்டியில் சோறு இருந்தது, கறியைத் தேட வேண்டியிருந்தது. தேடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹபீபின் போன் எதையோ கேட்டு ஒளிர்ந்தது. அவருடைய இடது கைக் கட்டைவிரல் தானாகக் கிளம்பியது... பாதி வழியில் நின்றது. போனை எடுத்து, அதில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். யாஸ்மின் போனைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த எடிட்டர் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு: கேள்வி கேட்கிற எடிட்டர் நல்லது. ஆனால் படித்துவிட்டு அமுக்கும் விரல் எந்த எடிட்டரோடும் சேர்ந்து வருவதில்லை!