வெறுங்காணி

ஆக்லாந்தில் டாக்சி ஓட்டிய நாட்களில், ஒரு கிழவரைப் புக்கெகோஹே என்ற ஊருக்கு ஏற்றிப் போனேன். அயர்லாந்திலிருந்து வந்த தன் பூட்டன் எங்கே வாழ்ந்தார் என்று தேடித் திரிபவர். சிவந்த கழுத்து. வாயில் ஓயாமல் பெப்பர்மின்ட். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஈர விரலாலேயே என் தோளைத் தட்டிக் கதைப்பார்.

அயர்லாந்தில் பண்ணையார் பூட்டனின் வீட்டைக் கொளுத்தித் துரத்தியதைச் சொல்லி அழுதார். யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு ஓடிவந்த எனக்கும் கண் கலங்கியது.

ஒரு வெங்காயத் தோட்டத்தருகே நிறுத்தச் சொன்னார்.

“அரசாங்கம் அவருக்குக் குடுத்த காணி இதுதான். வந்த உடனை இங்க இருந்த மாவோரிப் பழங்குடிக் குடிசையளைக் கொளுத்தித் துப்புரவாக்கிப்போட்டார். கெட்டிக்காரன்.”

“அதில இருந்த சனம்?” என்றேன்.

“சனமோ? இது வெறுங்காணி.”

அவர் அழுத கண் இன்னும் காயவில்லை. அந்த ஈரம் பொய்யில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.