கடல் பக்கத்துக் கதவு

நம்பாட்டி விடுங்கோ. கட்டடப் பிளான் எண்டா கணக்கு, அதில பேய்க்கதை எங்க வந்தது எண்டு கேக்கிறீங்கள். கீறுற மேசையில குனிஞ்சு முதுகு போனவையைக் கேளுங்கோ, சொல்லுவினம். ட்ரேசர் வேலை எண்டா, ஆரோ பென்சிலால கீறின பிளானுக்கு மேல ட்ரேசிங் துணியை விரிச்சு, கீழ தெரியிற கோட்டில மை இழுக்கிறது. சொந்தப் புத்தி தேவையில்லை.

வெள்ளைக்காரன்ர காலத்துக் கொழும்பு. கொட்டாஞ்சேனையில இருந்து ட்ராமில கோட்டைக்குப் போவன். லண்டன்ல படிச்சு வந்த ஆர்க்கிடெக்ட் ஐயாவின்ர கந்தோரில வேலை. அங்க நான் ஒருத்திதான் பொம்பிளை. ஆறு மாசம் பிழை விடாட்டி நிரந்தரமா மேசை. விட்டா, மாமா பேசிவைச்ச அரிசிக் கடைக்காரருக்குக் கழுத்தை நீட்டவேணும்.

மேற்குச் சுவர்

வெள்ளவத்தையில ஒரு விதவை அம்மா, பழைய வீட்டை இடிச்ச வளவிலயே புது வீடு கேட்டா. பின்னால, மேற்குப் பக்கம், ரெயில் பாதை, அதுக்கங்கால கடல். ஆனா கடல் பக்கம் கதவும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாமாம். காத்தை மறிச்சுக் கட்டுறது பாவம் எண்டு ஐயா ரெண்டு கிழமை வாதாடித் தோத்தார்.

ட்ரேசிங் துணியில வேர்வை ஒரு சொட்டுப் பட்டாலும் போச்சு. பழுதானதை என்ர அம்மா கஞ்சி போகக் கழுவி, அக்காவின்ர பிள்ளைக்குச் சட்டை தைப்பா. ஞானஸ்நானத்தண்டு பிள்ளையின்ர முதுகில ஒரு படிக்கட்டு மங்கலாத் தெரிஞ்சது. சரி, கதைக்கு வாறன். நான் கீறி முடிச்ச பிளானில மேற்குச் சுவரில ஒரு கதவு. கீறின ஞாபகமே இல்லை. அடுத்த நாள் புதுத் துணியில கீறினன், அதே இடத்தில திரும்பவும் கதவு. பெரிய ட்ராஃப்ட்ஸ்மன் சவரிமுத்தர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார். "பிள்ளை, நான் கீறினது சுவர். கதவு ஆரின்ர யோசனை?"

கல்லு அடுக்கினது

மூண்டாந்தரம் சவரிமுத்தர் பக்கத்தில குந்தியிருந்து பாக்க, சுவர் சுவராவே வந்தது. அதைத்தான் புளூபிரிண்ட் எடுத்து அனுப்பினது. ஒரு மாசத்தால கட்டட வேலை எப்பிடிப் போகுதெண்டு பாக்க ஐயாவும் நானும் போனம். சுவரெல்லாம் இடுப்பளவு எழும்பி நிக்குது, மேற்கால மட்டும், நான் கதவு கீறின அதே இடத்தில, மூண்டடி இடைவெளி.

நான்தான் மேசன் பாசுக்கு, அதான் தலைமைக் கொத்தனுக்கு, வாயால சொல்லிக் குடுத்ததெண்டு ஐயா முடிவு கட்டிட்டார். "நாளைக்கு அந்த அம்மா கந்தோருக்கு வருவா. மன்னிப்புக் கேட்டுப்போட்டு வீட்டை போம்" எண்டார். அவர் காருக்குப் போனாப் பிறகு பாஸ் என்னட்ட வந்து மெல்லமாச் சொன்னான்: "மிஸ்ஸி, நான் மூண்டு தரம் கட்டினன். விடிய வந்து பாத்தா கல்லெல்லாம் பக்கத்தில அடுக்கியிருக்கு. ஒரு கல்லும் உடையேல்ல."

விரலால நடக்கிறது

வீட்டுக்காரர் பிளானுக்கு மேல விரலால நடந்து பாக்கவேணும், அது ஐயாவின்ர சட்டம். சமைக்கக் குசினிக்குப் போக எத்தினை எட்டு வைக்கவேணும், சாமி படம் எங்கயிருந்து தெரியும், எல்லாம் விரலுக்குத் தெரியுமாம். அந்த அம்மா மட்டும் முந்தி மாட்டனெண்டவ. அண்டைக்கு ஐயா விடேல்ல.

நான் பையோட வாசலில நிக்கிறன். அவவின்ர விரல் விறாந்தையில ஏறி, ஹோலைக் கடந்து, பின் அறைக்குள்ள போய், நிக்காமல் மேற்குச் சுவரையும் தாண்டி வெளியில போச்சு. "அம்மா, அதில சுவரெல்லோ" எண்டார் ஐயா. அவ விரலை எடுக்கேல்ல. "அதாலதான் என்ர மனுசன் கடலுக்குப் போனவர். பழைய வீட்டில அந்த வாசலை நான்தான் கல்லு வைச்சு அடைச்சனான், அவர் திரும்பி வாறதுக்கு முதல். இனி அடைக்கவேண்டாம்."

ஐயா பேனையை என்ர கையில தந்தார். அந்தக் கதவை மட்டும் நான் அறிஞ்சு கீறினன். மேசையும் கிடைச்சது, அரிசிக் கடைக்காரர் வேற இடம் பாத்தார். இந்தத் தொழிலில பிளான் கேட்டு வாறவ ஒருத்தி, ஆனா கையைப் பிடிச்சுக் கீறவைக்கிறது வேற ஆள்.

பொறுங்கோ, பேத்தியைக் கூப்பிடுறன். றோசி, கொடியில கிடக்கிற உடுப்பை உள்ளுக்குக் கொண்டு வாம்மா, கடற்காத்து எழும்புது.