எல்வுட் தாளில் ஆறாவது ஓட்டை

இருபத்திரண்டு ஆண்டுகளில் ராண்டா கீஃபர் அளந்த இலக்குத்தாள்கள் முப்பத்தோராயிரத்துக்கும் மேல். அவள் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. வார நாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் பிரித்துக் கொடுப்பாள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் பென்சில்வேனியாவின் ஒரு சுடுதளத்தில், தாள்களை அளக்கும் பலகை அறையில், உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தாளில் இரண்டு கட்டங்கள். கீழ்க்கட்டத்தில், காற்று குண்டை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். மேல்கட்டத்தில் ஐந்தே குண்டு. அந்த ஐந்தும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதுதான் போட்டி.

அவள் கணவன் கிளேட்டனுக்குக் கை நடுக்கம் தொடங்கியிருந்தது. இதுதான் கடைசிப் பருவம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். தளத்தின் சுவரில் மிகச் சிறிய அளவுக்கென்று ஒரு பித்தளைப் பலகை உண்டு. அதில் தன் பெயர் ஏற வேண்டும் என்று இருபத்தாறு வருடமாகக் காத்திருந்தான்.

ஜூலையில் அவன் தாள் வந்தது. மேல்கட்டத்தில் ஒரே ஒரு கிழிந்த ஓட்டை. குண்டுகளின் நடுவுக்கு நடு அளந்தால் 0.098 அங்குலம்; பித்தளைப் பலகைக்குப் போதும். வெளியே கைதட்டினார்கள்.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து சுடும் எல்வுட் தன் தாளோடு உள்ளே வந்தான்.

"ராண்டா, அஞ்சுதான் சுட்டேன். ஆறு ஓட்டை இருக்கு. என் துப்பாக்கி குட்டி போட்டிருக்கா?"

ஒரே ஓட்டைக்குள் எத்தனை குண்டு போனது என்று தாள் சொல்லாது. அதற்காகத்தான் பின்னால் சுருளிலிருந்து ஒரு நீளத்தாள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குண்டும் அதில் தனித்தனி ஓட்டை போடும். ராண்டா அதைக் கொண்டுவரச் சொன்னாள். கிளேட்டனின் மேல்கட்டத்துக்குப் பின்னால் நான்கு. எல்வுட்டின் மேல்கட்டத்துக்குப் பின்னால் ஆறு.

கீழே காற்றைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கித் தொலைநோக்கியை மேலே ஏற்றியபோது, கிளேட்டன் ஒரு குண்டைப் பக்கத்துத் தாளில் சுட்டுவிட்டுத் தன் தாளுக்குத் திரும்பியிருக்கிறான். அவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எல்வுட் வெளியே போனதும் கிளேட்டன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"வேற யாரும் பாக்கலையே?"

"நான் பாத்துட்டேனே."

"கடைசி வருஷம்டீ. அந்தச் சுருளு ரெண்டு மூணு நிமிஷம் நின்னு போச்சு, ரெண்டு குண்டு ஒரே ஓட்டையில போயிடுச்சுன்னு சொல்லு. மோட்டாரு கிழடுதானே."

"எல்வுட்டோட ஆறாவது ஓட்டைக்கு என்ன சொல்ல? அவன் அளவு நாசமாப் போகும்."

"அவனுக்கு முப்பது கோப்பை இருக்கு. எனக்கு நீதான் இருக்கே."

அவள் கதவைத் திறந்தாள். கரும்பலகையில் 0.098ஐ அழித்தாள். பக்கத்துத் தாளில் சுட்டதற்கு அபராதம் என்று எழுதினாள். கைதட்டியவர்கள் காபி ஊற்றிக்கொள்ளப் போனார்கள். எல்வுட் மட்டும் தொப்பியைத் தலையில் சரிசெய்தபடி, "யாருக்கும் நடக்கும், கிளேட்டன்" என்றான். கிளேட்டன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.

வீடு வரை நாற்பது மைல். ராண்டாதான் வண்டியை ஓட்டினாள்.

ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு புதிய விதி வந்தது: குடும்பத்தில் ஒருவர் சுடும் தளத்தில், அந்தக் குடும்பத்தார் யாரும் அளக்கக் கூடாது. முன்மொழிந்தவன் கிளேட்டன். பன்னிரண்டுக்கு மூன்று என்று நிறைவேறியது. செப்டம்பரிலிருந்து பலகை அறையில் எல்வுட்டின் அண்ணி உட்கார்கிறாள். அதே விதியால் எல்வுட் வேறு தளத்துக்கு மாறிவிட்டான்.